நாரும் நுண்ணுயிரியும்: கடற்கரை மணலுக்கு உறுதி தரும் இரு துணைகள்

கடற்கரை மணலுக்கு உராய்வு உண்டு, ஒட்டு கிடையாது. ஒவ்வொரு மணியும் அடுத்த மணியின் மீது சாய்ந்து நிற்கிறதே தவிர, அதைப் பிடித்துக்கொள்வதில்லை. காய்ந்த மணலைக் கொட்டிக் குவித்தால் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் நிற்கும். அதைவிடச் செங்குத்தாக நிறுத்த முயன்றால் சரிந்துவிடும். ஈர மணல் சிறிது நேரம் நிமிர்ந்து நிற்பதற்கு, மணிகளுக்கு இடையிலுள்ள நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை காரணம். வெயில் ஏறி நீர் ஆவியானாலும், மழை பெய்து இடைவெளிகள் முழுக்க நீரால் நிறைந்தாலும் அந்தப் பிடிப்பு போய்விடும். இத்தகைய மணலுக்கு நிலையான ஒட்டைத் தர நுண்ணுயிரிகளையும், இழுவிசையைத் தாங்கும் திறனைத் தரத் தாவர நார்களையும் பயன்படுத்தும் முறை, கடந்த இருபது ஆண்டுகளாக மண் பொறியியலில் தீவிரமாக ஆராயப்பட்டு வருகிறது.

சதுரங்கப்பட்டினத்து மணல்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி அமைந்திருக்கிறது சதுரங்கப்பட்டினம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே பாலாற்றின் முகத்துவாரம். ஆறு கொண்டுவந்து தள்ளியதும், கடல் நீரோட்டம் கரையோரமாக நகர்த்தியதும், காற்று மேடாக்கியதும் சேர்ந்து உருவான மணல் நிலம் இது. மணிகளில் பெரும்பகுதி குவார்ட்சு. ஊடே சிப்பித் துணுக்குகள் கிடக்கும். அலை அலசிய இடங்களில் இல்மனைட், கார்னெட் போன்ற கனமான கனிமங்கள் கருமணல் கோடுகளாகப் படிந்திருக்கும்.

காற்றும் அலையும் சலித்தெடுத்த மணல் என்பதால் மணிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. பெரிய மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைக்கச் சிறிய மணிகள் போதுமான அளவு இல்லை. தளர்ந்து கிடக்கும் இத்தகைய மணலின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம்தான். அதிர்ச்சியோ பாரமோ வந்தால் மணிகள் இடம் மாறி அமுங்கும்.

இந்தப் பலவீனத்தைக் கரையோர மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். மணலில் தோண்டிய குழியின் பக்கங்கள் நிற்காது என்பதால்தான் இங்கே கிணறு வெட்டாமல் உறை இறக்குகிறார்கள். பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள வாசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்விலும் சுடுமண் உறைகிணறு வெளிப்பட்டது. கல்பாக்கத்தின் அணு உலைகளுக்கு மணலைத் தாண்டி அடியிலுள்ள சார்னோகைட் பாறை வரை சென்று அடித்தளம் அமைக்கப்பட்டது. சாதாரண வீட்டுக்கோ, கிராமச் சாலைக்கோ, கால்வாய்க் கரைக்கோ அந்த வசதி கிடையாது. அவை மணலின் மீதே நிற்க வேண்டும்.

மணல் கைவிடும் விதங்கள் நான்கு. காற்று வாரிக்கொண்டு போகும். மழைநீர் சாலையோரத்தையும் சரிவுகளையும் அரித்து ஓடை ஓடையாகப் பிளக்கும். புயல் அலை கரையின் அடியை வெட்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல் இந்தக் கரையோரத்துக்கு அண்மைக்கால உதாரணம். நான்காவது விதம் நிலநடுக்கத்தின்போது நிகழ்வது: நீர் நிறைந்த தளர்ந்த மணல் அதிரும்போது பாரம் மணிகளை விட்டு நீருக்கு மாறி, மண் குழம்புபோல் ஓடும். ஜப்பானின் நிகாட்டாவில் 1964-லும் குஜராத்தின் கட்ச் பகுதியில் 2001-லும் இது பரவலாக நிகழ்ந்தது.

நுண்ணுயிரி எப்படி ஒட்டுகிறது

மணல் கல்லாவது இயற்கைக்குப் புதிதல்ல. இராமேசுவரம், மண்டபம் கரைகளில் கடல்நீரிலுள்ள கால்சியம் கார்பனேட் மணிகளுக்கு இடையே படிந்து, கடற்கரை மணலைப் பாறைத் தகடுகளாக இறுக்கியிருக்கிறது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் செங்கற்களைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புக் காரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, இதே கால்சியம் கார்பனேட்டாக மாறித்தான் இறுகியது. நுண்ணுயிரி முறை இந்த வேலையைச் சில நாட்களில், சூளை இல்லாமல், சாதாரண வெப்பநிலையில் செய்து முடிக்கிறது.

இதற்கு அதிகமாகப் பயன்படுவது ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற பாக்டீரியா. மண்ணில் இயல்பாக வாழ்வது; மனிதருக்கு நோய் தராதது. லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய இது நெடுங்காலம் பாசில்லஸ் பாஸ்டியூரி என்று அழைக்கப்பட்டு, 2001-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. யூரியேஸ் என்ற நொதியை இது மிகுதியாக உருவாக்குகிறது. யூரியா தானாகச் சிதைய ஆண்டுகள் பிடிக்கும். யூரியேஸ் அருகில் இருந்தால் கண நேரம் போதும். பயிருக்கு யூரியா இட்ட வயலில் அம்மோனியா நெடி எழுவதும் இந்த நொதியின் வேலையால்தான்.

யூரியா சிதையும்போது அம்மோனியமும் கார்பனேட்டும் பிறக்கின்றன. அம்மோனியா நீரின் காரத்தன்மையை உயர்த்தி, பி.எச். அளவை 9-க்கு அருகே கொண்டுபோகிறது. அந்தச் சூழலில் கால்சியம் இருந்தால் அது கார்பனேட்டுடன் சேர்ந்து கால்சைட் படிகமாகப் படியும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் தன்மையுள்ள கால்சியம் அயனிகள் அதன்மேல் வந்து ஒட்டுகின்றன. எனவே படிகம் வளரத் தொடங்கும் புள்ளியாகவும் அந்த உயிரணுவே அமைகிறது. படிகம் வளர வளர உயிரணு அதற்குள் புதைந்து செயலிழக்கிறது.

படிகம் எங்கே படிகிறது என்பதில்தான் இந்த முறையின் பயன் அடங்கியிருக்கிறது. பாக்டீரியாக்கள் மணிகள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளில் அதிகம் தங்குகின்றன. நீர் வடியும்போது கடைசியாகக் கரைசல் தேங்குவதும் அங்கேதான். ஆகவே கால்சைட்டில் கணிசமான பங்கு மணிகள் தொடும் இடங்களிலேயே பாலமாக அமைகிறது. துளைகள் முழுவதும் அடைபடாததால் மழைநீர் தொடர்ந்து கீழே இறங்குகிறது. சிமென்ட் பாலை ஊற்றி இறுக்கிய மணலில் இது எளிதில் நடக்காது.

மணல் இதற்கு ஏற்ற மண் என்பதற்கும் காரணம் உண்டு. பாக்டீரியாவின் நீளம் சில மைக்ரோமீட்டர். மணல் மணி 75 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டது. மணிகளுக்கு இடையிலுள்ள வழிகளில் அது தாராளமாகச் சென்றுவர முடியும். களிமண்ணின் துளைகளில் அதனால் நுழைய முடியாது.

ஆய்வகத்தில் ஒரு மணல் தூண்

இதைச் சோதிக்கும் முறை எளிது. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை நெடுக்காகப் பிளந்து, கவ்வியால் மீண்டும் சேர்த்து, அடியில் வடிதுணி வைக்கிறார்கள். கழுவி உலர்த்திய மணலை அடுக்கடுக்காகப் போட்டுத் தட்டி நிரப்புகிறார்கள். முதலில் பாக்டீரியா வளர்ந்த கரைசலை மேலிருந்து ஊற்றி, உயிரணுக்கள் மணிகளில் ஒட்டுவதற்குச் சில மணி நேரம் விடுகிறார்கள். அடுத்து, யூரியாவும் கால்சியம் குளோரைடும் கரைந்த ஒட்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அடியில் சொட்டும் நீரில் அம்மோனியா நெடி வந்தால் நொதி வேலை செய்கிறது என்று பொருள். நாட்கணக்கில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

பிறகு குழாயைப் பிரித்தால் மணல் தூண் சொந்தக் காலில் நிற்கும். அதை அழுத்தி உடைத்து வலிமையை அளக்கிறார்கள். உடைந்த துண்டு ஒன்றை உலர்த்தி எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் நுரை பொங்கிக் கால்சைட் கரைந்துவிடும். மிஞ்சிய மணலைக் கழுவி மறுபடி எடைபோட்டால் எவ்வளவு கால்சைட் படிந்தது என்பது தெரியும். சதுரங்கப்பட்டினத்து மணலில் இந்தச் சோதனை செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிப்பித் துணுக்குகளும் அதே அமிலத்தில் கரையும். எனவே பாக்டீரியா ஊற்றாத மணலையும் அமிலத்தில் இட்டு, அதில் குறையும் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்படி இறுகிய மணலின் அமுக்க வலிமை, படிந்த கால்சைட்டின் அளவைப் பொறுத்து ஒரு மெகாபாஸ்கலுக்கும் கீழிருந்து பல மெகாபாஸ்கல் வரை செல்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, கட்டடச் செங்கல்லுக்கான இந்தியத் தர அளவின் கடைசி வகுப்பு 3.5 மெகாபாஸ்கல்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மர்டோக் பல்கலைக்கழகத்தில் 2004-ல் முடிந்த விக்டோரியா விஃபினின் முனைவர் பட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. நெதர்லாந்தில் 100 கன மீட்டர் மணலை இந்த முறையில் இறுக்கிப் பார்த்த பெரிய சோதனையின் முடிவுகள் 2010-ல் வெளியாயின.

விறைப்பு மட்டும் போதாது

பாக்டீரியா இறுக்கிய மணலுக்கு ஒரு குறை உண்டு. அது ஓரளவு வரை நன்றாகத் தாங்கும். எல்லையைத் தாண்டியதும் பட்டென்று உடையும். கால்சைட் பாலங்கள் இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். ஒரு பாலம் உடைந்ததும் அதன் பாரம் அடுத்ததற்குப் போய், அதுவும் உடைகிறது. விரிசல் சில கணங்களில் தூணைக் குறுக்காகக் கடந்துவிடும். வண்டிகள் ஓடும் சாலைக்கும் அலை மோதும் கரைக்கும் இப்படி முன்னறிவிப்பின்றி உடையும் பொருள் ஆபத்தானது. இந்தக் குறையை ஈடுகட்டுவது நார்.

மண்ணில் நார் சேர்க்கும் பழக்கம் பழையது. மண்சுவருக்குக் குழைக்கும் சேற்றில் வைக்கோல் சேர்த்து மிதிப்பது காயும்போது சுவர் வெடிக்காமல் இருப்பதற்காகத்தான். நவீனப் பொறியியலில், மண்ணுக்குள் உலோகப் பட்டைகளை இட்டு வலுவூட்டும் முறையை 1960-களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி விதால் உருவாக்கினார். அதே கொள்கையை நுண்ணிய அளவில் செய்பவை நார்கள்.

சோழமண்டலக் கரைக்கு உரிய நார் தென்னை நார். இயற்கைத் துறைமுகம் இல்லாத இந்தக் கரையில் அலையைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளின் பலகைகள் ஆணியால் அடிக்கப்படவில்லை; தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. மணலில் மோதும்போது அந்தப் படகு சற்று நெளிந்து கொடுத்து, உடையாமல் தப்பியது. உப்பு நீரில் நெடுநாள் உழைக்கும் அதே நார்தான் இப்போது மண் பொறியியலிலும் தேடப்படுகிறது.

தென்னை நாரின் உறுதிக்குக் காரணம் லிக்னின் என்ற மரப்பொருள். தென்னை நாரில் அது 40 சதவீதத்துக்கும் மேல். சணலில் அதன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லிக்னினை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க முடியாது. அதனால் மண்ணில் சணல் விரைவில் மக்கும்போது தென்னை நார் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. சணலின் இழுவலிமை தென்னை நாரைவிட அதிகம். ஆனால் அது 2 சதவீதம் அளவுக்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். தென்னை நார் 15 சதவீதத்துக்கு மேலும் நீளக்கூடியது. விரிசல் விரியும்போது நீண்டு கொடுத்துப் பிடித்துக்கொள்ளும் நாரே இங்கே தேவை.

இரண்டும் சேரும்போது

நாரைச் சில சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மணலின் எடையில் ஒரு சதவீதத்துக்கு உட்பட்ட அளவில் கலக்கிறார்கள். பிறகு பாக்டீரியாக் கரைசலும் ஒட்டுக் கரைசலும் முன்போலவே செலுத்தப்படுகின்றன. நாரின் சொரசொரப்பான மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் தங்குவதால் அங்கேயும் கால்சைட் வளர்கிறது. நார் மணலோடு படிகத்தால் பிணைக்கப்படுகிறது. வெறும் மணலில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் நார், இப்போது வேரூன்றியதுபோல் நிற்கிறது.

இதனால் உடையும் விதம் மாறுகிறது. பாரம் உச்சத்தைத் தொட்ட பிறகும் தூண் பொலபொலவென்று உதிராமல், விரிசல்களோடு கூடியே தொடர்ந்து ஒரு பகுதிப் பாரத்தைச் சுமக்கிறது. நாரின் அளவு மிகுந்தால் பயன் தலைகீழாகும். நார்கள் சுருண்டு முடிச்சாகி, மணலில் வெற்றிடங்களை உண்டாக்கும். கரைசல் செல்லும் வழியும் தடைபடும். ஆகவே ஒவ்வொரு மணலுக்கும் ஏற்ற நீளத்தையும் அளவையும் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும்.

தாவரமும் பாக்டீரியாவும் சேரும் முறைக்கு இந்தியாவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு நிலவுக்காகச் செய்யப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து, நிலவு மண்ணைப் போன்ற பொடியில் இதே பாக்டீரியாவையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கலந்து செங்கல் போன்ற கட்டிகள் செய்ததை 2020-ல் அறிவித்தன. பிசின் சேர்த்ததால் வலிமை கூடியது. பாட்டியாலாவின் தாப்பர் பல்கலைக்கழகத்தில் எம். சுதாகர ரெட்டியின் குழு, பாக்டீரியாவுக்கு விலை உயர்ந்த ஆய்வக ஊட்டத்துக்குப் பதிலாகப் பால்பொருள், மக்காச்சோள ஆலைகளின் கழிவுநீரைக் கொடுத்து வளர்க்க முடியும் என்று காட்டியது.

பாக்டீரியாவே இல்லாமல் நொதியை மட்டும் பயன்படுத்தும் வழியும் இருக்கிறது. வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு பயறின் விதையிலிருந்துதான் ஜேம்ஸ் சம்னர் 1926-ல் யூரியேஸை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதற்காக 1946-ல் வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார். சோயா, வாளவரை விதைகளை அரைத்து வடித்த சாற்றைக் கொண்டே மணலை இறுக்கலாம். நுண்ணுயிரி வளர்ப்புக் கூடம் இல்லாத இடத்துக்கு இது ஏற்ற வழி.

ஒரு கன மீட்டரின் கணக்கு

ஒரு கன மீட்டர் மணலின் எடை சுமார் 1,600 கிலோ. அதில் அரை சதவீத நார் என்றால் 8 கிலோ. ஐந்து சதவீதக் கால்சைட் படிய வேண்டுமானால் 80 கிலோ கால்சைட் உருவாக வேண்டும். எதுவும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு 48 கிலோ யூரியாவும் ஏறத்தாழ 89 கிலோ கால்சியம் குளோரைடும் தேவை. யூரியா மட்டுமே 45 கிலோ மூட்டை ஒன்றைத் தாண்டுகிறது. மானிய யூரியா உழவுக்கு மட்டுமே உரியது. கட்டுமானத்துக்குத் தொழில்துறை யூரியாவைச் சந்தை விலையில்தான் வாங்க வேண்டும். யூரியா தயாரிப்புக்கும் இயற்கை எரிவாயு செலவாகிறது என்பதால், சிமென்ட்டுக்கு எதிராக இதன் சுற்றுச்சூழல் நன்மையைப் பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெரிய தடை, மிஞ்சி நிற்பது. 80 கிலோ கால்சைட்டுக்கு ஏறத்தாழ 86 கிலோ அம்மோனியம் குளோரைடு உருவாகிறது. அதிலுள்ள நைட்ரஜன் 22 கிலோவுக்கு மேல். குடிநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஒரே ஒரு கன மீட்டர் மணலின் கழிவை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 4 கோடி லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் வேண்டும். மணல் நிலத்தின் நிலத்தடி நீரை நம்பிய ஊர்களில் இந்தக் கழிவை மண்ணுக்குள் விடுவது கிணறுகளைக் கெடுக்கும். கழுவிய நீரைப் பிடித்து, அம்மோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. மிஞ்சும் குளோரைடு இரும்புக் கம்பிகளை அரிக்கும் என்பதால் கான்கிரீட் அடித்தளங்களின் அருகே கூடுதல் கவனமும் தேவை.

சீராகப் படியாமை இன்னொரு சிக்கல். கரைசல் நுழையும் இடத்திலேயே கால்சைட் அதிகமாகப் படிந்து, துளைகள் அடைபட்டு, ஆழத்திலுள்ள மணல் இளகியே நிற்பது உண்டு. கரைசலின் பி.எச். அளவைத் தொடக்கத்தில் குறைத்து வைத்து, வினை தொடங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தினால் கரைசல் தொலைவு வரை பரவும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பெண் ஆமை பின்துடுப்புகளால் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி பறிக்கிறது. இறுகிய மணலில் அதனால் பறிக்க முடியாது. நண்டு வளைகளுக்கும் அதே நிலைதான். மணல் மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மிகுந்த பாதுகாப்புக்கு உரிய பகுதிகள். புயல் காலத்தில் அலைக்கு மணலைக் கொடுத்து, அமைதிக் காலத்தில் திரும்பப் பெறுவதே மணல் மேட்டின் வேலை. அதைக் கல்லாக்கினால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும்.

ஆகவே திறந்த கடற்கரையில் பாக்டீரியாவுக்கு இடமில்லை. அங்கே நார் மட்டும் போதும். தென்னங்கயிற்று வலையை மணல் மேட்டின் சரிவில் விரித்து, அதன் கண்களில் அடும்பையும் இராவணன் மீசையையும் நட்டால், வலை மக்குவதற்குள் செடிகளின் வேர்கள் மணலைப் பிடித்துக்கொள்ளும். கயிற்று வலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2008-லேயே தர அளவு வகுத்திருக்கிறது. ஊரகச் சாலைகளில் தென்னை நார்த் துணியைப் பயன்படுத்த 2020-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது, ஏழு மாநிலங்களுக்கு ஒதுக்கிய 1,674 கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர்.

நாரும் பாக்டீரியாவும் சேர்ந்த முறைக்கு உரிய இடம் கட்டப்பட்ட நிலம்: கிராமச் சாலையின் ஓரங்கள், தாங்குசுவருக்குப் பின்னால் நிரப்பும் மணல், குடிநீர்க் கிணறுகளிலிருந்து விலகிய கால்வாய்க் கரைகள். இவை ஆழம் குறைந்தவை. மணலையும் நாரையும் முன்கூட்டியே கலந்து பரப்பலாம். கரைசல் சீராக இறங்கும். அடியில் நீர் கசியாத விரிப்பை இட்டுக் கழுவுநீரைத் திரும்பப் பிடிக்கலாம். தென்னை நார் தமிழ்நாட்டிலேயே விளைகிறது. பாக்டீரியா விரும்பும் 30 பாகை வெப்பம் செங்கல்பட்டுக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இயல்பாகவே நிலவுகிறது. கழுவுநீரிலிருந்து அம்மோனியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி கைகூடினால், இந்த முறை ஆய்வகத்தைத் தாண்டிச் சாலைக்கு வரும். அதுவரை இந்தக் கரையில் துணிந்து பயன்படுத்தத் தக்கது தென்னை நாரும், அதன் மறைவில் வேர்விடும் செடிகளும்தான்.